போடன் வைத்த முதலும் நாம் வைத்த முதலும்

இலக்கியத்துக்கும் வரலாற்றுக்கும் பேராசிரியர் இருக்கை வைப்பது பணக்காரர் பொழுதுபோக்கு. ஆலைத் தொழிலாளிக்கு அதிலே என்ன வேலை என்று கேட்கிறார்கள் சிலர். கேட்பவர் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் பட்டம் பெற்ற பெரியவர்கள்!

இருக்கை என்றால் நாற்காலி அல்ல, தோழர்களே! பெருந்தொகை ஒன்றை முதலாகப் போட்டு, அந்த முதலிலே கை வைக்காமல், வருவாயில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துப் பேராசிரியருக்குச் சம்பளம் கொடுப்பது. அமெரிக்கப் பல்கலைக் கழகங்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு 4, 5 என்ற அளவிலே எடுக்கிறார்கள். கோயிலில் விளக்கெரிய நிலம் எழுதி வைத்தார்களே நம் முன்னோர், அதே ஏற்பாடுதான். விளைச்சலை எடுக்கலாம், நிலத்தை விற்கலாகாது. (விற்றுத் தின்றவர்களும் உண்டு, அந்தக் கதை இன்னொரு நாளைக்கு.)

இதன் வலிமையை அறிய ஆக்ஸ்போர்டைப் பாருங்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் பம்பாய்ப் படையில் உத்தியோகம் பார்த்தவர் ஜோசப் போடன். 1811-இல் இறந்தார். சமஸ்கிருதத்துக்குப் பேராசிரியர் வேண்டும் என்று உயில் எழுதி வைத்தார். மொழிப்பற்றா? இல்லை! இந்தியரைக் கிறிஸ்தவராக்க அந்த மொழி உதவும் என்பது அவர் கணக்கு. 1832-இல் முதற் பேராசிரியர் அமர்ந்தார். 1860-இல் இடம் காலியானதும் தேர்தல் நடந்தது. ஆம், தேர்தல்! ஆக்ஸ்போர்டுப் பட்டதாரிகள் திரண்டு வந்து ஓட்டுப் போட்டனர். ஆராய்ச்சியிலே பெரும்பெயர் பெற்ற மாக்ஸ் முல்லருக்கு 610. போடனின் நோக்கத்தை முன்வைத்து நின்ற மோனியர் வில்லியம்சுக்கு 833. செத்தவர் எழுதிய நிபந்தனை வென்றது, புலமை தோற்றது!

காலப்போக்கில் நிபந்தனை உதிர்ந்தது. இருக்கை மட்டும் இன்றும் நிற்கிறது. ஆட்சிகள் மாறின, பேரரசே போயிற்று, அந்த முதல் போகவில்லை.

அதே ஆக்ஸ்போர்டில் 1880-களில் தமிழ் சொல்லிக்கொடுத்தார் ஜி. யூ. போப். திருக்குறளை 1886-லும் திருவாசகத்தை 1900-லும் ஆங்கிலத்தில் தந்தவர். அவருக்குக் கிடைத்தது விரிவுரையாளர் வேலை. சமஸ்கிருதத்துக்கு ஒரு போடன் கிடைத்தார். தமிழுக்கு அங்கே எந்தக் கர்னலும் உயில் எழுதவில்லை.

பிறகு தமிழன் தானே எழுதினான். 1990-களில் கலிபோர்னியாவின் பெர்க்லியிலே ஓர் இருக்கை. அடுத்து ஹார்வர்டு. அங்கே தேவைப்பட்டது 60 லட்சம் டாலர். 2015-இல் ஜானகிராமன், சம்பந்தம் என்ற இரு மருத்துவர்கள் ஆளுக்கு 5 லட்சம் டாலர் கொடுத்துத் தொடங்கினர். தமிழக அரசு 10 கோடி ரூபாய் தந்தது. மிச்சத்துக்குப் பல நாட்டுத் தமிழரும் கை நீட்டிக் கொடுத்தனர். 2018-இல் தொகை நிறைந்தது. போடன் ஒருவர் செய்ததை ஊர் கூடிச் செய்தது!

அந்த இருக்கைக்கு முதலில் வந்தவர் மார்த்தா ஆன் செல்பி, ஐங்குறுநூற்றை ஆங்கிலத்தில் பெயர்த்த அமெரிக்கப் பேராசிரியை. தமிழர் பணத்திலே தமிழரல்லாதவரா என்று முணுமுணுப்பவர்களுக்கு 1860-ஐ நினைவூட்டுகிறோம். கொடுத்தவன் பேராசிரியரைப் பொறுக்க ஆரம்பித்தால் புலமை தோற்கும். கொடுத்தவனுக்கு உள்ள உரிமை வேறு: எத்தனை மாணவர் படித்தனர், என்ன நூல் வெளிவந்தது என்று ஆண்டுதோறும் கணக்குக் கேட்பது. அதைக் கேட்போம், உரக்கவே கேட்போம்.

இனி வீட்டுக் கணக்கு. நம் பல்கலைக் கழகங்களில் பேராசிரியர் ஓய்வு பெற்றால் அந்த இடம் ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடக்கிறது. கௌரவ விரிவுரையாளர் ஒருவரை வைத்துக் காலம் தள்ளுகிறார்கள். அவருக்குக் கொடுக்கும் சம்பளத்தில் கௌரவம் இருக்கிறதா என்பதை அவரைத்தான் கேட்க வேண்டும்! நிதி நெருக்கடி என்றவுடன் முதல் வெட்டு தத்துவத்துக்கும் வரலாற்றுக்கும்தான். பணக்கார வீட்டுப் பிள்ளை அதைக் கடல் கடந்து போயும் படித்துக்கொள்வான். நெசவாளி மகளுக்குப் பக்கத்து ஊர்ப் பல்கலைக் கழகத்தை விட்டால் வேறு வாசல் ஏது?

ஹார்வர்டுக்குத் தந்த 10 கோடியை நாம் குறை கூறவில்லை. அதே 10 கோடியை இங்கே ஓர் இருக்கைக்கு முதலாக வைத்தால், நூற்றுக்கு 5 என்றாலும் ஆண்டுக்கு 50 லட்சம். ஒரு பேராசிரியருக்கும் அவரிடம் ஆராயும் மாணவர் இரண்டொருவருக்கும் அது போதும். முதலைச் சம்பளப் பாக்கிக்கோ கட்டடத்துக்கோ எடுக்க முடியாதபடி சட்டத்திலே எழுதி, சென்னையில் தமிழுக்கு ஒன்று, மதுரையில் வரலாற்றுக்கு ஒன்று என்று அரசு தொடங்கட்டும். தொழிற்சங்கங்களும் தம் பங்கை அதிலே சேர்க்கட்டும். உழைப்பாளர் வரலாற்றுக்கு ஓர் இருக்கை வேண்டும் என்று முதலில் கேட்க வேண்டியவர்கள் அவர்களே.