சின்னப் பசங்க கியரே போதும்

டைம் ட்ரையல், ட்ரையத்லான் பக்கம் புதிதாக எட்டிப் பார்க்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எனக்கும் இருந்தது. பெரிய ஆட்களின் சைக்கிள் படத்தைப் பெரிதாக்கி, முன்னால் இருக்கிற செயின் வீலில் எத்தனை பல் என்று எண்ணுகிற வியாதி. 2022 அக்டோபரில் பிலிப்போ கன்னா ஒரு மணி நேரத்தில் 56.792 கிலோமீட்டர் ஓட்டி உலக சாதனை செய்தார். அவர் போட்டிருந்தது முன்னால் 65 பல், பின்னால் 14. அறுபத்தைந்து! சாப்பாட்டுத் தட்டு சைஸ். அதைப் பார்த்த கண்ணோடு என் சைக்கிளில் இருந்த 50-ஐப் பார்த்தால் எனக்கே அவமானமாகப் போய்விட்டது.

விடுவேனா? லீவில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் வவுச்சர் சரிபார்த்துச் சேர்த்த காசில் ஏழாயிரத்துச் சொச்சம் கொடுத்து ஒரு 53 பல் செயின் வீல் வாங்கினேன். மாட்டிக் கொடுத்த அண்ணன் அப்போதே சொன்னார். "தம்பி, உள்பக்கம் 34 இருக்கு. ரெண்டுக்கும் 19 பல்லு வித்தியாசம். மாத்தும்போது செயின் கழண்டு விழும். அது இருக்கட்டும், உனக்கு எதுக்கு 53?" கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன்.

அடுத்த மாதம் ஈ.சி.ஆர். ரோட்டில் ஒரு சின்ன ட்ரையத்லான். 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். போகும்போது காற்று முதுகில். 34, 35 வேகத்தில் பறந்தேன். 53 போட்டதால்தான் என்று வேறு நினைத்துக்கொண்டேன். திரும்பியதும் எதிர்க்காற்று. வேகம் 26-க்கு இறங்கிவிட்டது. ஆனால் பின்னால் 17-லிருந்து இறங்க எனக்கு மனசு வரவில்லை. கௌரவம்! பெடல் நிமிடத்துக்கு 66 சுற்றுதான் சுற்றுகிறது. முட்டுக்காடு பாலம் ஏறும்போது கடைசியில் தோற்றுப்போய் 34-க்குத் தட்டினேன். அண்ணன் சொன்னபடியே செயின் கழண்டு விழுந்தது. கை முழுக்க கிரீஸ். அதற்கப்புறம் 5 கிலோமீட்டர் ஓடினேன் என்று சொன்னால் பொய். தொடை இரண்டும் மரக்கட்டை. முக்கால்வாசி நடந்தேன்.

வீட்டுக்கு வந்து செய்த காரியத்தை, வாங்குவதற்கு முன்னால் செய்திருக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ரோடு சைக்கிளின் டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.1 மீட்டர் உருளும். முன்பல்லைப் பின்பல்லால் வகுத்து, 2.1-ஆல் பெருக்கினால் பெடல் ஒரு சுற்றுக்கு எத்தனை மீட்டர் போகிறோம் என்று வந்துவிடும். நிமிடத்துக்கு 90 சுற்று என்று வைத்துக்கொண்டால் 53-க்கு 11 என்பது மணிக்கு 54 கிலோமீட்டருக்கு மேல். நான் அவமானப்பட்ட அந்தப் பழைய 50-க்கு 11 கூட 51-ஐத் தாண்டும். என் சமதரை வேகம் எவ்வளவு? நல்ல நாளில் 31, 32.

இன்னொரு வேடிக்கை. 65-ஐ 14-ஆல் வகுத்தால் 4.64. 53-ஐ 11-ஆல் வகுத்தால் 4.82. அதாவது உலக சாதனை செய்த மனுஷனின் கியரைவிட என் சைக்கிளின் பெரிய கியர் பெரிசு! அவர் 65 போட்டது கனமாக மிதிப்பதற்காக அல்ல. பின்னால் சின்னப் பல்லில் செயின் ரொம்ப வளைந்து ஓடினால் உராய்வு கூடும். அதைத் தவிர்க்க இரண்டு பக்கமும் பெரிய வட்டம் போடுகிறார்கள். கணக்குப்படி கன்னா நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 97 சுற்று சுற்றியிருக்கிறார். நான் 66-ல் முக்கிக்கொண்டிருந்தேன். அதே சக்தியை 88-க்குப் பதில் 66-ல் கொடுத்தால் ஒவ்வொரு மிதிக்கும் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் அழுத்தம். சைக்கிளோடு முடிகிற டைம் ட்ரையலில் அதை எப்படியோ சமாளிக்கலாம். இறங்கி ஓட வேண்டிய ட்ரையத்லானில்? என் தொடையைக் கேளுங்கள். (எல்லாருக்கும் 90-தான் சரி என்று சொல்ல வரவில்லை. 80-ல் நிம்மதியாக ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.)

புதிதாக வருகிறவர்கள் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்க கேசட்டைப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. நம் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 11 பல்சக்கர கேசட் 11-28. அதில் 15-க்கு அடுத்து 17, அதற்கு அடுத்து 19. நடுவில் 16-ம் 18-ம் கிடையாது. முன்னால் 50 வைத்துக் கணக்குப் போட்டால் 16 என்பது 35 கிலோமீட்டர் வேகம், 18 என்பது 31.5. என்னைப் போன்றவர்கள் பந்தயம் முழுக்க இருக்கப்போகிற இடமே இதுதான். அங்கே ஓட்டை! ஆனால் 43, 47, 51 வேகத்துக்கான 13, 12, 11 மூன்றும் வேலை செய்யாமல் உட்கார்ந்து சம்பளம் வாங்குகின்றன.

இதற்கு ஒரு அழகான மருந்து இருக்கிறது. ஜூனியர் வீரர்கள் பெரிய கியர் போடக்கூடாது என்று உலக சைக்கிள் சங்கமான யு.சி.ஐ. வெகுகாலம் தடை வைத்திருந்தது. பெடல் ஒரு சுற்றுக்கு 7.93 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. 2023-ல்தான் எடுத்தார்கள். அந்தப் பசங்களுக்காக ஷிமானோ அல்டெக்ராவில் 14-28 என்று ஒரு கேசட் வந்தது. 14-ல் தொடங்கி 21 வரை ஒரு பல்கூட விடாமல் வரிசையாக இருக்கும். 50-க்கு 14 என்பது 90 சுற்றில் 40 கிலோமீட்டர். போதாதா? இறக்கத்தில் அதற்கு மேல் போனால் மிதிக்காமல் குனிந்து உட்கார்ந்துகொள்ளுங்கள். அது தேடித்தான் பிடிக்க வேண்டிய சரக்கு. கிடைக்காவிட்டால் 12-25. அதிலும் 19 வரை இடைவெளி கிடையாது.

முன்னால் ஒரே செயின் வீல் வைப்பது பார்க்க அம்சமாக இருக்கும், செயினும் அதிகம் கழறாது. சமதரைக்கு மட்டும் ஓட்டுகிறவர் செய்யலாம். மேடு இருக்கிற பாதை என்றால் வேண்டாம். 2020 டூர் டி பிரான்சின் டைம் ட்ரையலில் கடைசி மலை வந்ததும் பொகாச்சார் இறங்கி வேறு சைக்கிளுக்கு மாறினார், மஞ்சள் சட்டையையும் வென்றார். நமக்குப் பின்னால் இன்னொரு சைக்கிளைத் தூக்கிக்கொண்டு கார் வராது. 34-ஐக் கழற்றாதீர்கள்.

இத்தனையும் தெரிந்த பிறகும் மூன்று மாதம் அந்த 53-ஐ நான் கழற்றவில்லை. போட்ட காசு வீணாகிவிடுமே என்கிற பயம். சங்க் காஸ்ட் பற்றி இன்டர்னலில் பத்து மார்க் கேள்விக்கு மூன்று பக்கம் எழுதினவன் நான்! போன வாரம்தான் பழைய 50-ஐத் திரும்ப மாட்டினேன். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, கூலி மட்டும் வாங்கிக்கொண்டார்.

அந்த 53 பல் இப்போது என் மேஜை மேல், காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்துக்குப் பக்கத்தில் பளபளவென்று இருக்கிறது. பாதி விலைக்குக் கேட்டாலும் தருவேன். ஆனால் வாங்க வருகிறவரிடம் முதலில் சமதரை வேகம் எவ்வளவு என்று கேட்பேன்.