மருத்துவர் மட்டும்தான் படித்தவரா?



ஆண்டுதோறும் எஸ்டிபிஎம் தேர்வு முடிவு வெளிவந்ததும் நம்மிடையே எழுவது ஒரே கேள்விதான்: “மருத்துவம் கிடைத்ததா?” கிடைக்காத பிள்ளை உயிரியலில் பட்டம் பெற்றாலும் தோற்றவனாகவே எண்ணப்படுகிறான். முனைவர் பட்ட ஆய்வு என்று வாய் திறந்தால், “இன்னும் எத்தனை ஆண்டு படிப்பாய்?” என்று அடக்கிவிடுகிறோம். இந்தப் போக்கு நம் இனத்துக்கே கேடு என்பேன்.

கல்லீரல் உயிரணுவிலும் மூளை உயிரணுவிலும் இருப்பது ஒரே டி.என்.ஏ.தான். எந்த மரபணு எங்கே, எப்போது இயங்க வேண்டும் என்னும் ஒழுங்காற்றமே அவற்றை வேறுபடுத்துகிறது. மனித டி.என்.ஏ.வில் புரதம் ஆக்கும் பகுதி 2 விழுக்காடுகூட இல்லை. ஏறத்தாழப் பாதி, திரும்பத் திரும்ப வரும் தொடர்களே. அவற்றைக் ‘குப்பை’ என்று ஒதுக்கியவர் பலர். ஆனால், நஞ்சுக்கொடி உருவாக உதவும் சின்சிடின் மரபணு, பழங்கால நச்சுயிரி ஒன்று விட்டுச்சென்ற தொடரிலிருந்து வந்தது என 2000-இல் தெரியவந்தது. மூன்றெழுத்துத் தொடர் ஒன்று அளவுமீறி நீள்வதே ஹண்டிங்டன் நோய்க்குக் காரணம் என 1993-இல் கண்டறிந்தனர். எல்லாம் குப்பையும் அன்று. எல்லாம் செல்வமும் அன்று. பிரித்தறிய ஆள் வேண்டும். அந்த ஆள் நம் வீட்டுப் பிள்ளையாக இருக்கக்கூடாதா?

“பணத்துக்கு எங்கே போவது?” என்பர். தனியார் மருத்துவக் கல்லூரிக்காக வீட்டை அடகு வைக்கத் துணிவோர் கேட்கும் கேள்வியா இது? பக்கத்துச் சிங்கப்பூரில் ‘சிங்கா’ என்னும் உதவித்தொகை, வெளிநாட்டு ஆய்வு மாணவருக்குக் கல்விக் கட்டணத்தோடு மாதச் செலவுத்தொகையும் தருகிறது. மரபணுத்தொகுதி ஆய்வுக்கென்றே அங்குத் தனிக் கழகம் உண்டு. செருமனியின் பெர்லின் நகரில், மாக்ஸ் பிளாங்க் மூலக்கூற்று மரபியல் கழகத்தில் முனைவர் பட்ட மாணவர் ஊதியம் பெற்றே மரபணு ஒழுங்காற்றத்தை ஆராய்கிறார்.

போட்டி கடுமைதான். இளங்கலைக் காலத்திலேயே ஆய்வகப் பயிற்சியும் கணினி நிரல் எழுதும் திறனும் வளர்த்துக்கொள்ள வேண்டும். பொறுமையும் வேண்டும். சோளத்தில் இடம்பெயரும் மரபுக்கூறுகளைக் கண்ட பார்பரா மெக்லின்டாக்குக்கு நோபல் பரிசு வர 1983 வரை ஆனது.

நம் இயக்கங்கள் சிறப்புத் தேர்ச்சி பெற்றோர்க்கு மாலை அணிவிக்கின்றன, மகிழ்ச்சி. அதே மேடையில் ஆய்வாளர் ஒருவரையும் ஏற்றிப் பேசச் சொல்லுங்கள். எதிரே அமர்ந்திருக்கும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளை, இப்படியும் ஒரு வழி உண்டென்று அறியட்டும்.

சிந்திப்போம், செயல்படுவோம்.