பூனையைத் துரத்துறதுக்கு முன்னாடி ஏசி மூடியைத் திறந்து பாருங்க!

"பூனை முடி உள்ள போச்சுன்னா ஆஸ்துமா வந்துரும்."

இந்த வசனத்தை வீட்டில் ஒரு தடவையாவது கேட்டிருப்பீங்க. பாட்டி சொல்லியிருக்கலாம், பக்கத்து வீட்டு ஆன்ட்டி சொல்லியிருக்கலாம். எங்கள் வீட்டில் பெரியம்மா சொன்னார்கள், அதுவும் ஸ்பீக்கர் போனில்.

போன செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போனபோது வீட்டில் ஒரு பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருந்தது. குற்றவாளியின் பெயர் பக்கோடா. வயது இரண்டு. ஒரு மழை நாளில் எங்கள் பைக் கவருக்குள் ஒளிந்துகொண்டிருந்த குட்டி, அப்படியே வீட்டு ஆளாகிவிட்டது. எட்டாவது படிக்கும் தங்கச்சிக்கு ஒரு மாதமாக ராத்திரியானால் இருமல், கூடவே வீசிங். பெரியம்மா போனிலேயே தீர்ப்பு சொல்லிவிட, அப்பா ஒரு சாக்குப்பையை எடுத்துத் தயாராக வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன் மார்க்கெட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவதாகத் திட்டம். "அங்க மீனுக்குப் பஞ்சமா? ராஜா மாதிரி இருக்கும்" என்று ஆறுதல் வேறு.

நான் மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல். தங்கச்சி ராத்திரி எங்கே படுக்கிறாள் என்று கேட்டேன். ஏசி ரூமில். ஏசியைக் கடைசியாக எப்போது சர்வீஸ் செய்தது? யாருக்கும் நினைவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறி, முன்மூடியைத் தூக்கி, ஃபில்டரை வெளியே இழுத்தேன். வலையே தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி ஒன்று ஒட்டியிருந்தது. விரலால் பிடித்து இழுத்தால் தோசையை உரிப்பது போல ஒரே துண்டாக வந்தது. பாதி பக்கோடாவின் முடி, மீதி மெத்தைப் பஞ்சும் தூசியும்.

அன்றைக்கு எனக்குத் தோன்றியதைத்தான் இங்கே எழுதுகிறேன். நம் வீடுகளில் நாயோ பூனையோ இருக்கு, ஏசியும் இருக்கு. இரண்டும் ஒரே அறையில் இருந்தால் என்ன ஆகும் என்று யாரும் யோசிப்பதில்லை. கடைசியில் வாயில்லா ஜீவன் மேல் பழி போடுகிறோம். இன்ஜினியரிங் படிக்கிற நாம் இருக்கும் வீட்டிலாவது இது நடக்கக் கூடாது.

முதலில் பெரியம்மாவின் வசனத்துக்கு வருவோம். அது பாதி உண்மை. பூனையால் சிலருக்கு அலர்ஜி வருவது நிஜம். ஆனால் காரணம் முடி இல்லை. பூனையின் எச்சிலிலும் தோல் சுரப்பிகளிலும் உருவாகும் ஒரு புரதம்தான் முக்கியமான வில்லன். ஃபெல் டி 1 என்று அதற்குப் பெயர். நாய்களுக்கு கேன் எஃப் 1 என்று வேறொன்று. பூனை தன்னையே நக்கிக்கொண்டே இருக்கும் அல்லவா? அந்தப் புரதம் உடம்பெல்லாம் ஒட்டி, காய்ந்து, தோலிலிருந்து உதிரும் செதிலோடு சேர்ந்து பறக்கிறது. நம் தலைப் பொடுகு மாதிரிதான், ஆனால் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னது. முடி வெறும் வண்டி, அதில் பயணம் செய்வது இந்தப் பொடுகு.

இதில் என்ன வித்தியாசம் என்று கேட்கலாம். இங்கேதான் நம்ம ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் வருகிறது. ஸ்டோக்ஸ் விதியை இன்டர்னலுக்கு மனப்பாடம் செய்து மறந்திருப்பீங்க. தண்ணீரின் அடர்த்தி உள்ள ஒரு துகளை, காற்று அசையாத அறையில் 2 மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் என்ன ஆகும்? 10 மைக்ரான் துகள் தரைக்கு வர சுமார் 11 நிமிடம். 2.5 மைக்ரான் துகளுக்கு ஏறக்குறைய 3 மணி நேரம். பூனை அலர்ஜிப் புரதத்தில் ஒரு கணிசமான பங்கு 5 மைக்ரானுக்கும் குறைவான துகள்களில்தான் பறக்கிறது. முடி தரையில் விழுந்துவிடும், பெருக்கிவிடலாம். இது விழவே விழாது. அதுவும் ப்ளோயர் சுற்றிக்கொண்டிருக்கும் ஏசி அறையில் சொல்லவே வேண்டாம்.

இப்போது ஏசி என்ன செய்கிறது என்று பாருங்க. ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருகிறது என்று இன்னமும் நிறைய பேர் நம்புகிறார்கள். நம் வீடுகளில் இருக்கும் சாதாரண ஸ்ப்ளிட் ஏசி அப்படிச் செய்வதில்லை. அறையில் இருக்கும் அதே காற்றை மேலே இழுத்து, குளிர்ந்த காயில் வழியாக அனுப்பி, திரும்ப அதே அறைக்குள் தள்ளுகிறது. கதவு, ஜன்னல் எல்லாம் மூடி. ராத்திரி முழுக்க. காற்று இழுக்கும் வாசலில் இருக்கும் அந்த பிளாஸ்டிக் வலை, முடியையும் பெரிய தூசியையும் பிடிக்கத்தான். அதன் கண்ணிகள் கண்ணால் பார்க்கும் அளவுக்குப் பெரியவை. பொடுகுக்கு அது திறந்த கதவு மாதிரி.

ஆக, பிரச்சினை ஒன்றல்ல, இரண்டு. முடி ஏசியைக் கெடுக்கிறது. பொடுகு மனுஷனைக் கெடுக்கிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. இதைக் குழப்பிக்கொள்வதால்தான் எல்லாத் தவறும் நடக்கிறது.

முடியை முதலில் எடுத்துக்கொள்வோம். ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பரில் ஃபவுலிங் ஃபேக்டர் என்று ஒன்று படித்தோமே, நினைவிருக்கா? டேட்டா புக்கில் பார்த்து எழுதிவிட்டு மார்க் வாங்கிக்கொண்டோம். வீட்டில் தலைக்கு மேல் அதே சமாச்சாரம் தொங்குகிறது. வலை அடைத்தால் காற்று குறையும். காற்று குறைந்தால் காயில் வெப்பத்தை எடுக்க முடியாமல் இன்னும் குளிர்ந்து, பூஜ்யத்துக்குக் கீழே போய், ஐஸ் கட்டும். அறை குளிராது. உடனே நாம் ரிமோட்டை எடுத்து 24-ஐ 18 ஆக்குவோம். கம்ப்ரசர் நிற்காமல் ஓடும், மீட்டரும் ஓடும். வலையைத் தாண்டிப் போன மெல்லிய முடி ஈரமான காயிலில் ஒட்டி, தூசியோடு சேர்ந்து களிம்பாகி, தண்ணீர் போகும் பைப்பையும் அடைத்து, சுவரில் ஒழுகும். அப்புறம் "கேஸ் லீக் ஆயிடுச்சு சார்" என்று யாராவது சொன்னால் அதையும் நம்பிப் பணம் கட்டுவோம். அடைத்த ஃபில்டரை மாற்றினாலே ஏசியின் மின்சாரச் செலவு 5 முதல் 15 சதவீதம் வரை குறையலாம் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை.

இதற்கு வைத்தியம் ரொம்ப சிம்பிள். வீட்டில் பிராணி இருந்தால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வலையைக் கழற்றிக் கழுவுங்க. சுவிட்சை ஆஃப் செய்துவிட்டு மூடியைத் தூக்கினால் வலை வழுக்கிக்கொண்டு வந்துவிடும். வீட்டுக்கு வெளியே கொண்டுபோய், மாஸ்க் போட்டுக்கொண்டு, பின்பக்கத்திலிருந்து குழாய்த் தண்ணீரை விடுங்க. முன்பக்கம் விட்டால் அழுக்கு இன்னும் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். நிழலில் நன்றாகக் காயவிட்டுத் திரும்ப மாட்டுங்க. வெயிலில் வைத்தால் பிளாஸ்டிக் வளையும். வேலை பத்து நிமிடம்தான், வீசிங் இருக்கும் ஆள் மட்டும் இதைச் செய்யக் கூடாது. சர்வீஸ்காரர் வந்தால் வெளி யூனிட்டில் தண்ணி அடித்துவிட்டுப் போகவிடாமல், உள் யூனிட்டின் காயில், ப்ளோயர் உருளை, டிரெயின் தட்டு மூன்றையும் கழுவச் சொல்லிப் பக்கத்திலேயே நில்லுங்க. நீங்களே கத்தியால் சுரண்டாதீங்க. அலுமினியம் ஃபின் விரல் பட்டாலே மடங்கும்.

அடுத்தது பொடுகு. நெட்டில் தேடினால் "மெர்வ் 13 ஃபில்டர் போடு, டக்ட் கிளீன் பண்ணு" என்று வரும். அது அமெரிக்க வீடுகளுக்கு. அங்கே நிறைய வீடுகளில் வீடு முழுக்கக் குழாய் ஓடும். குளிர்காலத்தில் சூடும் வெயில்காலத்தில் குளிரும் அதே குழாயில்தான் போகும். நடுவில் ஒரே இடத்தில் தடிமனான ஃபில்டர் சொருக இடம் வைத்திருப்பார்கள். நம் சுவரில் தொங்குவதில் அப்படி இடம் கிடையாது. ஹெபா துணியை வெட்டி ஏசி வலை மேல் ஒட்டுவது இன்னும் மோசம். அவ்வளவு அடர்த்தியான ஃபில்டர் வழியாகக் காற்றை இழுக்க அந்த ஃபேனுக்குத் திராணி இல்லை. மறுபடியும் ஐஸ் கதைதான்.

பொடுகைப் பிடிக்கத் தனி ஆள் வேண்டும். ஹெபா ஃபில்டர் உள்ள ஏர் ப்யூரிஃபையர் அந்த வேலையைச் செய்யும். பிடிக்கவே கஷ்டமான 0.3 மைக்ரான் துகளில்கூட 99.97 சதவீதத்தை அது நிறுத்த வேண்டும் என்பதுதான் ஹெபாவுக்கான அளவுகோல். வாங்கும்போது விளம்பரத்தைப் பார்க்காமல் கணக்குப் போடுங்க. 10க்கு 12 அடி ரூம், 10 அடி உயரம் என்றால் சுமார் 34 கன மீட்டர். மணிக்கு ஐந்து முறை காற்றைச் சுத்தம் செய்ய வேண்டுமானால் 170 கன மீட்டர். பெட்டியில் போட்டிருக்கும் சிஏடிஆர் அதற்குக் குறையாமல் இருக்கட்டும். கைச்செலவில் செய்ய ஆசைப்பட்டால் கோர்சி-ரோசந்தால் பெட்டி என்று ஒன்று உண்டு. 2020-இல் கொரோனா சமயத்தில் ரிச்சர்ட் கோர்சி, ஜிம் ரோசந்தால் என்ற இரண்டு அமெரிக்கர்கள் யோசித்தது. நான்கு ஃபில்டர், ஒரு சதுர ஃபேன், ஒரு அட்டைப்பெட்டி, ஒட்டுவதற்கு டேப். மினி ப்ராஜெக்டுக்கு டாபிக் தேடி அலைபவர்கள் கவனிக்க.

காசே இல்லாமல் செய்யக்கூடியதும் இருக்கு. படுக்கை அறைக்குள் பூனைக்கு அனுமதி கிடையாது, எவ்வளவு கெஞ்சினாலும். காலையில் அரை மணி நேரம் ஜன்னலைத் திறந்து வையுங்க. பூந்துடைப்பத்தால் வறட்டுப் பெருக்கல் பெருக்கி எல்லாத்தையும் கிளப்பிவிடாமல், ஈரத்துணியால் துடையுங்க. பெட்ஷீட், தலையணை உறையை வாரம் ஒருமுறை சுடுதண்ணீரில் போடுங்க. பூனைக்குத் தலை வாருவது மொட்டை மாடியில், அலர்ஜி இல்லாதவர் கையால்.

சரி, "மனுஷன் பெருசா, பூனை பெருசா?" என்று கேட்பீங்க. அப்பாவும் அதைத்தான் கேட்டார். நியாயமான கேள்வி. பதில்: மனுஷன்தான் பெருசு. அதனால்தான் சொல்கிறேன். பூனை வீட்டை விட்டுப் போனாலும் அதன் அலர்ஜிப் புரதம் உடனே போகாது. மெத்தையிலும் சோபாவிலும் தூசியிலும் தங்கி, குறைய நான்கைந்து மாதம்கூட ஆகலாம். அந்த நான்கைந்து மாதமும் தங்கச்சி அதே அழுக்கு ஏசிக்குக் கீழேதான் படுத்திருப்பாள். பூனையை அனுப்பியே தீருவது என்று முடிவெடுத்தாலும் ஏசியைத் திறக்காமல் வழியில்லை.

இன்னொன்று. மார்க்கெட்டில் விடுவது சட்டப்படி குற்றம். பட்டினி கிடக்கும்படி ஒரு பிராணியைக் கைவிடுவதை 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் தடை செய்கிறது. முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. அதனால்தான் யாரும் பயப்படுவதில்லை என்பது வேறு கதை. ஆனால் வீட்டுச் சோற்றில் வளர்ந்த பூனை, தெருப் பூனைகளும் நாய்களும் இருக்கும் மார்க்கெட்டில் ராஜா மாதிரி இருக்காது. அது அப்பாவுக்கும் தெரியும்.

பக்கோடா நிரபராதி என்று நான் வாதாட வரவில்லை. தங்கச்சியை டாக்டரிடம் கூட்டிப்போய் ஸ்கின் ப்ரிக் டெஸ்ட் எடுத்தோம். பூனைக்கும் அலர்ஜி இருந்தது. அதைவிட அதிகமாக, மெத்தையில் வாழும் தூசி உண்ணிக்கு இருந்தது. பூனையை மட்டும் அனுப்பியிருந்தால் வீசிங் நின்றிருக்காது. அடுத்து யார் மேல் பழி போட்டிருப்போமோ! வீசிங் என்றால் ஏசி கழுவுவது மட்டும் போதாது, டாக்டரும் இன்ஹேலரும் கட்டாயம் வேண்டும். எல்லாம் செய்த பிறகும் மூச்சுத் திணறுகிறது, டாக்டரும் சேர்ந்து இருக்க முடியாது என்கிறார் என்றால், பூனைக்கு வேறு நல்ல வீடு தேடத்தான் வேண்டும். வீடு தேடுவது வேறு, சாக்கில் கட்டி விடுவது வேறு.

இந்த வாரம் ஊருக்குப் போகிறவர்கள் ஒரு வேலை செய்யுங்க. வீட்டில் பிராணி இருக்கோ இல்லையோ, ஸ்டூலைப் போட்டு ஏசி மூடியைத் தூக்கிப் பாருங்க. "இன்ஜினியரிங் படிக்கிற, ஒரு ஃபேன் ரிப்பேர் பண்ணத் தெரியுதா?" என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்கும் ஒரு பதில் கிடைத்த மாதிரி இருக்கும்.

எங்கள் வீட்டு நிலவரம்: தங்கச்சிக்கு இன்ஹேலர் தொடர்கிறது, ராத்திரி இருமல் நன்றாகக் குறைந்திருக்கிறது. பக்கோடாவுக்கு ஹாலும் மொட்டை மாடியும் மட்டும். படுக்கை அறைக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து தினமும் புகார் கொடுக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டர் கழுவுவது இப்போது அப்பாவின் டிபார்ட்மென்ட், நான் ஹாஸ்டலிலிருந்து போன் பண்ணி ஞாபகப்படுத்துகிறேன். அந்தச் சாக்குப்பையில் அம்மா வெங்காயம் போட்டு வைத்திருக்கிறார்.