நாற்பத்திரண்டு சிகரங்கள்

இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில் ஏரி நாடு என்று ஒரு பிரதேசம் இருக்கிறது. வோர்ட்ஸ்வொர்த்தின் கவிதைகளைப் பள்ளிக்கூடத்தில் நெட்டுருப் போட்ட நேயர்களுக்கு அந்தப் பெயர் ஞாபகம் இருக்கும். நானும் இருபது வருஷ காலமாக அவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்து வருகிறவன்தான். ஆனால், அந்த மலைகளின் மீது மழை எப்படிப் பெய்யும் என்பதைச் சென்ற கோடை விடுமுறையில், மே மாதக் கடைசி வாரத்தில்தான் அறிந்து கொண்டேன்.

மான்செஸ்டரில் உத்தியோகம் பார்க்கும் என் தம்பியின் வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஒரு நர்ஸ் அம்மாள் இருக்கிறார். ஐம்பது வயது. இரண்டு வருஷத்துக்கு முன் கணவரைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். குணமாகாத நோயாளிகளைக் கடைசி நாட்களில் வைத்துப் பராமரிக்கும் இல்லங்களை அங்கே ஹாஸ்பிஸ் என்கிறார்கள். கணவர் கண்ணை மூடிய இல்லத்துக்கு நிதி திரட்டுவதற்காக, இருபத்து நாலு மணி நேரத்துக்குள் நாற்பத்திரண்டு மலைச் சிகரங்களை ஏறி இறங்கி வருவதாக அந்த அம்மாள் சங்கற்பம் செய்து கொண்டிருந்தார். தெரிந்தவர்கள் எல்லோரும் அவருடைய ஓட்டத்தின் பேரில் ஆளுக்கு இவ்வளவு என்று பணம் எழுதியிருந்தார்கள்.

எனக்கு இது விளங்கவில்லை. "கொடுக்க மனமுள்ளவன் கொடுத்துவிட்டுப் போகட்டுமே! அதற்காக ஒரு பெண்பிள்ளை மலையேறி முழங்காலை உடைத்துக் கொள்வானேன்?" என்று தம்பியிடம் கேட்டேன்.

"அதை அவரிடமே கேளுங்கள், அண்ணா. நான் மோட்டார் ஓட்டுகிறேன், நீங்கள் பிளாஸ்க்கைப் பிடித்துக் கொள்ளுங்கள்" என்றான் அவன்.

இந்த நாற்பத்திரண்டு சிகரக் கணக்குக்கு ஒரு சரித்திரம் உண்டு. கெஸ்விக் என்ற ஊரில் தங்கும் விடுதி நடத்தி வந்த பாப் கிரஹாம் என்பவர் 1932-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் இதை இருபத்து நாலு மணி நேரத்துக்குள் முதன்முதலாகச் செய்து முடித்தார். ஏறத்தாழ 66 மைல் தூரம். ஏற்றங்களை மட்டும் கூட்டினால் சுமார் 27,000 அடி. எவரெஸ்ட்டின் உயரத்துக்குக் கொஞ்சந்தான் குறைவு. பிறகு 1960 வரையில் வேறொருவராலும் அதைச் செய்ய முடியவில்லை. 1971-இல் இதற்கென்றே ஒரு சங்கம் ஏற்பட்டது. ஒவ்வொரு சிகரத்திலும் கூட ஒரு சாட்சி இருக்க வேண்டும். நேரத்தைக் குறிக்க வேண்டும். ஒரு நிமிஷம் பிந்தினாலும் சங்கத்தின் ஏட்டில் பெயர் ஏறாது.

அந்த 1932-இல் மகாத்மா எரவாடாச் சிறையில் இருந்தார். நம்மவர்கள் ஆயிரக் கணக்கில் சிறை புகுந்திருந்தார்கள். வெள்ளைக்காரர் ஒருவர் மலையேறிய செய்தி அப்போது எந்தத் தேசபக்தனின் காதிலாவது விழுந்திருந்தால் அவனுக்குச் சிரிப்புத்தான் வந்திருக்கும். ஆனால், அதற்கு முந்திய வருஷந்தான் அதே மகாத்மா லங்காஷயர் நெசவுத் தொழிலாளிகளிடையே போய்த் தங்கி வந்தார். நமக்கு வழக்கு அந்த ஆட்சியோடுதானே ஒழிய அந்த ஜனங்களோடு எந்நாளும் இருந்ததில்லை.

வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்குக் கெஸ்விக் கடைத்தெருவில் மூட் ஹால் என்னும் பழைய கட்டடத்தின் கதவைத் தொட்டுவிட்டு, இரண்டு துணைவர்களுடன் அந்த அம்மாள் ஓடத் தொடங்கினார். பேண்டு வாத்தியமும் இல்லை. மாலை மரியாதையும் இல்லை. மீன் வறுவல் தின்று கொண்டிருந்த ஒரு பையன் மட்டும் கையை ஆட்டினான்.

டன்மெயில் கணவாய்க்கு அவர் வந்து சேர்ந்தபோது காலை நாலு மணி. பதினைந்து சிகரங்கள் முடிந்திருந்தன. ராத்திரி முழுவதும் மழை. நானும் தம்பியும் மோட்டாருக்குள் கம்பளியைப் போர்த்துக் கொண்டு நடுங்கிக் கொண்டிருந்தோம். அவருடைய மகள் அவர் காலிலிருந்து ஈரக் காலுறையைப் பிழிந்து எடுத்தாள். தம்பியின் சம்சாரம் எலுமிச்சம்பழச் சாதம் பிசைந்து கொடுத்திருந்தாள். மற்ற பண்டங்களையெல்லாம் வேண்டாமென்று தள்ளிய அம்மாள், உப்பும் புளிப்புமாக இருந்த அந்தச் சாதத்தை மட்டும் நாலு கரண்டி சாப்பிட்டார். அந்தச் சமயம் பார்த்து நான் என் கேள்வியைக் கேட்டேன். வாத்தியார் புத்தி!

அவர் கோபித்துக் கொள்ளவில்லை. "என் கணவர் அங்கே பதினொரு நாள் இருந்தார். பதினொரு ராத்திரியும் அவருக்காக யாரோ ஒருவர் விழித்துக் கொண்டிருந்தார். நான் ஒரு ராத்திரி விழித்திருக்கிறேன், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு, பிளாஸ்க்கை என் கையில் கொடுத்து எழுந்துவிட்டார்.

அடுத்த இடம் வாஸ்டேல் பள்ளத்தாக்கு. அவர்கள் பதினைந்து சிகரங்களைத் தாண்டி நேராக வருவார்கள். மோட்டாரோ மலைகளைச் சுற்றிக்கொண்டு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போயாக வேண்டும். வழியில் தம்பி ஜாஸ் நெய்லர் என்ற ஆட்டுப் பண்ணைக்காரரைப் பற்றிச் சொன்னான். அந்தப் பள்ளத்தாக்கில் பிறந்து ஆடு மேய்த்தவர்; இளமையிலேயே முதுகெலும்பில் சிகிச்சை செய்து கொண்டவர்; எழுபதாவது வயதில், 2006-ஆம் ஆண்டு, எழுபது சிகரங்களை இருபத்தொரு மணி நேரத்துக்குள் ஓடி முடித்தவர். 2024-இல் எண்பத்தெட்டாவது வயதில் காலமானார்.

பத்தரை மணிக்கு வர வேண்டிய அம்மாள் பன்னிரண்டரை வரையில் வரவில்லை. இங்கிலாந்திலேயே உயர்ந்த ஸ்காபெல் பைக் சிகரத்தின் மேல் மூடுபனி கவிந்து வழி தெரியவில்லையாம். நொண்டிக்கொண்டே வந்தார், இடது முழங்கால் வீங்கியிருந்தது. கடிகாரமும் காகிதமுமாக நின்ற துணைவர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு மௌனமாக இருந்தார். இனி இறக்கை முளைத்தாலன்றி இருபத்து நாலு மணியில் முடியாது. எதிரே யூபாரோ மலை சுவர் மாதிரி நின்றது. அதை நிமிர்ந்து பார்த்த மாத்திரத்தில் முயற்சியைக் கைவிட்டவர்கள் அநேகர் என்று கேள்வி.

"அம்மா, போதும், பணம் ஒன்றும் குறையாது" என்றாள் மகள். அது உண்மை. எழுதிக் கொடுத்தவர்களில் ஒருவரும் பின்வாங்கப் போவதில்லை. பின்னே எதற்காக மேலே ஏற வேண்டும்? பத்து நிமிஷம் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். பிறகு மகளிடம், "அந்தக் காகிதத்தைப் பைக்குள் வைத்துவிடு. இனி நேரம் பார்க்க வேண்டாம்" என்றார். முழங்காலில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மலையை நோக்கி நடந்தார்.

எனக்கு ஒரு வருத்தம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த நாட்டில் வைத்தியம் சர்க்கார் செலவில் நடக்கிறது. ஆயினும், இந்த அந்திமகால இல்லங்களுக்கு சர்க்கார் கொடுப்பது ஒரு பகுதிதான். மீதியெல்லாம் பொதுஜனங்களின் தர்மம். சாகிறவனுக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்க ஒரு விதவையின் முழங்கால் வீங்க வேண்டியிருப்பது எந்தத் தேசத்துக்கும் பெருமை அல்ல. நம் தேசத்திலோ இத்தகைய இல்லங்களே அபூர்வம். ஆகையால் நான் உரக்கப் பேச முடியாது.

இரவு பத்தரை மணிக்குக் கெஸ்விக் கடைத்தெருவில் வந்து மூட் ஹால் கதவைத் தொட்டார். இருபத்தேழரை மணி நேரம். நாற்பத்திரண்டு சிகரங்களும் ஆயின. சங்கத்து ஏட்டில் பெயர் இல்லை. அவர் எதிர்பார்த்தது மூவாயிரம் பவுன். மகளின் டெலிபோனில் அதற்கும் மேலே தொகை ஏறிக் கொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. "அந்தச் சாதம் இன்னும் மீதி இருக்கிறதா?" என்று என்னைக் கேட்டார். இருந்தது.

திங்கட்கிழமை காலையில் அவர் ஆஸ்பத்திரி வேலைக்குப் புறப்பட்டதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கைப்பிடியைப் பற்றிக் கொண்டு, வாசற்படிகளில் பின்புறமாக, ஒவ்வொரு படியாய் இறங்கிக் கொண்டிருந்தார்.