மேயர் 'முடியாது' என்றால் முடியாதா?



நாட்டுக்குச் சட்டம் இயற்றுவது பார்லிமென்ட். ஒரு நகரத்துக்கு மட்டும் தனிச் சட்டம் உண்டா? உண்டு. அமெரிக்காவின் நியூயார்க் நகரில், அப்படி ஒரு சட்டத்துக்காக 2024 ஜனவரியில் மேயருக்கும் நகர மன்றத்துக்கும் பெரிய போட்டியே நடந்தது. ஜெயித்தது யார்?

முதலில், அங்கே சட்டம் பிறக்கும் விதத்தைத் தெரிந்து கொள்வோம். நியூயார்க் நகர மன்றத்தில் 51 உறுப்பினர்கள். ஒருவர் மசோதா கொண்டு வந்தால், ஒரு குழு அதை ஆராயும். பொதுமக்களும் வந்து கருத்துச் சொல்லலாம். பிறகு ஓட்டெடுப்பு. பாதிக்கு மேல், அதாவது 26 பேர் ஆதரித்தால் மசோதா நிறைவேறும்.

அதோடு முடிந்ததா? இல்லை. மசோதா மேயரின் மேஜைக்குப் போகும். அவருக்கு 30 நாள் அவகாசம், மூன்று வழிகள்.

* கையெழுத்துப் போடலாம். சட்டமாகி விடும்.

* சம்மதமில்லை என்று காரணம் சொல்லித் திருப்பி அனுப்பலாம். இதுதான் 'வீட்டோ'. இது லத்தீன் சொல். 'நான் தடுக்கிறேன்' என்று பொருள்.

* சும்மா இருக்கலாம். 30 நாள் கழிந்ததும், கையெழுத்து இல்லாமலே சட்டமாகி விடும்! ஆகவே, மசோதாவை அலமாரியில் வைத்து இழுத்தடிக்க முடியாது.

இப்போது போட்டிக்கு வருவோம். போலீஸ்காரர் தெருவில் ஒருவரை நிறுத்தி விசாரித்தால், அது சின்ன விசாரணையாக இருந்தாலும், அவருடைய வயது, இனம், விசாரித்த காரணம் ஆகியவற்றைக் குறித்து வைக்க வேண்டும். 2023 டிசம்பர் 20ல் நகர மன்றம் நிறைவேற்றிய மசோதா இதுதான். 'கறுப்பின மக்களையே அதிகம் நிறுத்துகிறார்கள் என்ற புகார் உண்மையா என்று, கணக்கு இருந்தால்தானே தெரியும்?' என்றனர் ஆதரித்தவர்கள்.

அப்போதைய மேயர் எரிக் ஆடம்ஸ், போலீசில் 22 ஆண்டுகள் வேலை பார்த்தவர். 'எழுதுவதிலேயே நேரம் போனால், குற்றவாளிகளை எப்போது பிடிப்பது?' என்பது அவர் வாதம். சரியாக 30வது நாளில், 2024 ஜனவரி 19ல், வீட்டோ செய்தார்.

கதை முடிந்ததா? அதுதான் இல்லை. மன்றம் மீண்டும் ஓட்டெடுப்பு நடத்தலாம். ஆனால், இந்த முறை 26 பேர் போதாது. மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 51ல் மூன்றில் இரண்டு பங்கு எவ்வளவு? பென்சிலை எடுங்கள். ஆம், 34!

ஜனவரி 30ல் ஓட்டெடுப்பு நடந்தது. ஆதரவு 42, எதிர்ப்பு 9. மேயரின் தடை உடைந்தது. மசோதா சட்டமானது.

ஆதரித்தவர்களில் ஒருவர் யூசுப் சலாம். 1989ல், 15 வயதில் போலீசாரால் பிடிக்கப்பட்டு, செய்யாத குற்றத்துக்காகச் சிறையில் இருந்தவர். 2002ல்தான் அந்தத் தீர்ப்பு ரத்தானது. 2023 தேர்தலில் ஜெயித்து நகர மன்ற உறுப்பினரானார். போலீஸ் விசாரணைக்குக் கணக்கு வேண்டும் என்பது அவருக்கு வெறும் காகித விஷயமாக இருக்குமா?

அது சரி, ஏன் 34? யோசித்துப் பாருங்கள். மறுபடியும் 26 பேரே போதும் என்றால், மேயரின் சொல்லுக்கு மதிப்பே இல்லை. 51 பேரும் வேண்டும் என்றால், ஒரே ஒருவர் மேயர் பக்கம் சாய்ந்தாலும் போதும். மற்ற 50 பேர் சொல்வது எடுபடாது. அதனால்தான் நடுவில் ஓர் எண். வீட்டோ என்பது பூட்டு அல்ல. சைக்கிளின் பிரேக் மாதிரி. 'நில், இன்னொரு முறை யோசி' என்கிறது. யோசித்த பிறகும் பெரும்பாலோர் உறுதியாக இருந்தால், வண்டி நகர வேண்டியதுதான்.

கடைசியாக ஒரு கேள்வி: அன்று 42 பேருக்குப் பதில் 33 பேர் மட்டும் ஆதரித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 33 என்பது பாதிக்கு மேல்தானே? நண்பர்களோடு பேசி, விடை கண்டுபிடியுங்கள்!