வரைபடத்தில் இல்லாத கோடு

ஆய்வுக்காகக் காரைக்குடிப் பக்கம் ஒரு நகரத்தார் வீட்டை அளந்தேன். பர்மா தேக்குத் தூண்கள், ஆத்தங்குடிக் கற்கள், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர். சுற்றிக்காட்டியவர் சொன்னதில் பொய்யில்லை. விட்டுப்போனதுதான் நிறைய.

தேக்குக்கான காசு பர்மா, மலேயா லேவாதேவியில் வந்தது. 1930களின் பெருமந்தத்தில் நெல் விலை விழுந்தபோது, அதே லேவாதேவிக் கடன் பர்மிய உழவர்களின் நிலத்தைப் பறித்தது. 1937 வாக்கில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழக் கால்வாசி நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது.

அடுத்து வீட்டின் அமைப்பு. திண்ணை, முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி, பின்வாசல் என ஒரு தெருவில் தொடங்கி மறுதெருவில் முடிகிறது. காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் இப்படிக் கட்டினார்கள் என்கிறார்கள் கட்டடக்கலை அறிஞர்கள். அதுவும் உண்மைதான்.

வரைபடத்தை அம்மாவிடம் காட்டினேன். சிறுவயதில் அம்மாச்சியோடு இப்படியொரு வீட்டுக்கு நெல் புடைக்கப் போனவர். பின்வாசலில் விரலை வைத்து, "எங்களுக்கு இதுவரைக்கும்தான்" என்றார். அந்த வீட்டின் முகப்பை அவர் பார்த்ததே இல்லை.

செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. இடம்பெறட்டும், வீடுகளை இடிக்கச் சொல்லவில்லை. யார் எதுவரை வரலாம் என்று அந்தக் கட்டடம் வைத்திருந்த சட்டத்தையும் சேர்த்து எழுதுங்கள் என்கிறேன். என் ஆய்வேட்டின் வரைபடத்தில் அம்மா விரல் வைத்த இடத்தில் ஒரு கோடு போட்டிருக்கிறேன்.