கூண்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுக!

போதைக்கு அடிமையானவனைப் பிடித்து அடை, போதை ஒழிந்துவிடும்! அரசாங்கங்கள் பல காலங்காலமாக ஓதிவரும் மந்திரம் இது. இதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட முதற் சாட்சி யார்? எலி! தனிக் கூண்டிலிட்ட எலி போதைமருந்தை ஓயாது உட்கொள்கிறது. ஆகவே குற்றம் முழுவதும் மருந்தினுடையதே என்று தீர்ப்பளித்தனர்.

இச்சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தவர்கள் சட்டத்தரணிகள் அல்லர். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், சைமன் பிரேசர் சர்வகலாசாலையின் உளவியல் ஆய்வுகூடத்தினர். புரூஸ் அலெக்சாந்தரும் அவருடைய சகாக்களும் 1970களின் பிற்பகுதியில் எழுப்பிய வினா எளியது: அந்த எலி எங்கே இருந்தது? தனியே கட்டிப்போட்ட கன்று கயிற்றை மெல்லுவதைக் கண்ட எமது கமக்காரருக்கு இவ்வினாவின் பொருளை விளக்க வேண்டுவதில்லை.

சாதாரணக் கூண்டைப்போல் ஏறக்குறைய 200 மடங்கு பரப்புள்ள அடைப்பொன்றை அவர்கள் அமைத்தனர். மரச்சீவல் பரப்பி, ஒளிந்து விளையாடப் பேணிகளும் பெட்டிகளும் இட்டு, பலகைச் சுவரிலே இயற்கைக் காட்சியையும் தீட்டினர். ஆணும் பெண்ணுமாய் எலிகள் அங்கே கூடி வாழ்ந்தன. மோர்பின் கசக்குமாதலால் சீனி கலந்து வைத்தனர். தனிக் கூண்டு எலிகள் அதனை நாடிக் குடித்தன. கூடி வாழ்ந்தவையோ பெரும்பாலும் வெறுந் தண்ணீரையே விரும்பின. ஒரு கட்டத்தில் வித்தியாசம் 19 மடங்கு! 1978இலும் 1981இலும் முடிவுகள் வெளியாயின. சில ஆண்டுகளுள் ஆய்வுக்கான பணவுதவி நின்றது.

அதே 1978இல் அதே மாகாணத்துச் சட்டசபை என்ன செய்தது? ஹெரோயின் சிகிச்சைச் சட்டத்தை நிறைவேற்றியது. குற்றமெதுவும் எண்பிக்கப்படாத ஒருவரையும் சிகிச்சையின் பெயரால் ஆறு மாதம் வரை தடுத்து வைக்க அச்சட்டம் வழிசெய்தது. 1979இல் மாகாண நீதிமன்று அது செல்லாது என்றது. 1982இல் கனடிய உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. சுகாதாரம் மாகாணத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டதாம்! அதிகாரம் உண்டா என்ற வினாவுக்கு விடை கிடைத்தது. அடைத்தால் நோய் தீருமா என்ற வினா நின்ற இடத்திலேயே நின்றது.

எலி வேறு, மனிதன் வேறு என்பர். எலியைச் சாட்சிக்கு அழைத்தவர்களே இதைச் சொல்வது வேடிக்கை. 1996இல் வெளியான வேறோர் ஆய்வில் அதே முடிவு கிட்டவில்லை என்பதும் உண்மை. எமக்குப் பாதகமான சாட்சியத்தை மறைக்க நாம் விரும்பவில்லை. ஆனால் மனிதர் சாட்சியமும் உண்டு. வியட்நாமில் ஹெரோயினுக்கு அடிமையான அமெரிக்கப் படைவீரருள் மிகப் பெரும்பாலோர், வீடு திரும்பியபின் மீண்டும் அடிமையாகவில்லை என்று லீ ராபின்ஸ் அம்மையார் 1970களில் கண்டறிந்தார். மருந்து மாறவில்லை, இடமும் வாழ்வுமே மாறின.

ஐயத்தின் பயன் எதிரிக்கு உரியது. எண்பிக்கும் சுமை, ஒருவனது சுதந்திரத்தைப் பறிக்க முனைபவனுக்கே உரியது. மருந்தைக் குற்றமற்றதென விடுவிக்குமாறு நாம் கேட்கவில்லை. கூண்டையும் விசாரிக்குமாறே கேட்கிறோம். அடைப்பதனால் அடிமைத்தனம் நீங்கும் என்பதற்கான சாட்சியத்தை ஆட்சியாளர் முதலில் மன்றில் வைக்கட்டும்; சட்டமூலத்தை அதன்பின் கொண்டுவரட்டும்.